தாளை நீட்டுகிறார்கள், தோழர்களே!

"ஆர்டர் இல்லை, ஆலை ஓடவில்லை. நீயாகவே விலகுவதாக ஒரு வரி எழுதிக்கொடு, கணக்கை உடனே தீர்த்துவிடுகிறோம்!" - ஐம்பதைத் தாண்டிய தொழிலாளியிடம் இப்படித்தான் பேசப்படுகிறது. பேச்சிலே கனிவு. நீட்டுகிற தாளிலே கத்தி!

ஆம்பூரிலே காலணி தைத்தவர், இராணிப்பேட்டையிலே தோல் பதனிட்டவர், அரக்கோணத்தில் ரயிலேறிப் போய் ஆலையில் உழைத்துத் திரும்பியவர் - எவராயினும் அந்த ஒரு வரியின் விலையை அறிந்திருக்க வேண்டும்.

ஆட்குறைப்புக்கு இழப்பீடு என்பது 1953-இல் சட்டத்தில் ஏறியது. ஓராண்டு உழைப்புக்கு 15 நாள் சம்பளம். 2025 நவம்பர் 21-இல் பழைய சட்டத்தின் நாற்காலியில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் வந்து அமர்ந்தது. எழுபது ஆண்டு கடந்தும் அந்தப் 15, 16 ஆகவில்லை! 100 பேர் வேலை செய்யும் ஆலையில் ஆட்குறைக்க அரசின் அனுமதி வேண்டும் என்றிருந்த வேலியை மட்டும் 300 பேருக்குத் தள்ளி நட்டார்கள். புதிதாகத் தந்தது மறுபயிற்சி நிதி; அதுவும் ஒரே ஒரு 15 நாள் சம்பளம்.

சரி, இருப்பதையாவது வாங்குவோம் என்றால், விலகல் கடிதம் குறுக்கே படுக்கிறது. தானாக விலகியவன் சட்டத்தின் கண்ணில் ஆட்குறைக்கப்பட்டவன் அல்லன். கணக்குப் போடுங்கள். 28 ஆண்டு உழைப்பு, மாதம் 18,000 ரூபாய். நாளுக்கு 600 என்று வைத்தாலும் 420 நாளுக்கு 2,52,000 ரூபாய் இழப்பீடு. மறுபயிற்சிக்கு 9,000. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்கு, 2018-இல் தொடங்கிய திட்டப்படி, வேலையிழந்தால் வாழ்நாளில் ஒருமுறை, 90 நாள் வரை, பாதிச் சம்பளம் - 2020-க்கு முன் அது காற்பங்கு! அந்த வகையில் 27,000. விருப்ப ஓய்வு என்று எழுதிவிட்டால் அதுவும் இல்லை. ஒரு கையெழுத்துக்கு விலை 2,88,000 ரூபாய்! பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் எப்படிப் போனாலும் அவன் பணம். அதைத்தான் "உடனே தருகிறோம்" என்று சலுகைபோல் காட்டுகிறார்கள்.

ஏன் மூத்தவனைக் குறிவைக்கிறார்கள்? கடைசியில் வந்தவன் முதலில் போகவேண்டும் என்பது ஆட்குறைப்பின் விதி. விதிப்படி போனால் 28 ஆண்டுக்காரன் கடைசியாகத்தான் போவான். விலகல் கடிதத்துக்கு அந்த விதி கிடையாது.

மறைமலைநகர் ஃபோர்டு ஆலையை மூடுவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். தொழிலாளர்கள் தாளில் ஒப்பமிட்டுவிட்டு ஓடவில்லை. 2022-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள், பேசினார்கள், மறுத்தார்கள், மீண்டும் பேசினார்கள். சட்டத்தின் 15 நாளைப்போலப் பலமடங்கு பெற்றார்கள். தோல் பட்டறைகளில் அந்தச் சங்கபலம் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

இனி ஓய்வூதியம். அரக்கோணம் ரயில்வே ஊர். 2004-க்கு முன் பணியில் சேர்ந்த ரயில்வே ஊழியர் ஓய்வுபெற்றால் கடைசிச் சம்பளத்தில் பாதி, அதன்மேல் அகவிலைப்படி. அவர் பெறட்டும், போராடிப் பெற்ற உரிமை அது! அதே தெருவில் குடியிருக்கும் காலணித் தொழிலாளிக்கு? 1995-இல் வந்த வைப்பு நிதி ஓய்வூதியத்தில் அகவிலைப்படி இல்லை. 2014 செப்டம்பரில் குறைந்த அளவு 1,000 ரூபாய் என்றார்கள். பத்தாண்டு கழிந்தும் அதே ஆயிரம்! 7,500 கேட்டு டில்லி வரை போன முதியவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அந்தச் சொற்பத்தையும் அவசரத்தில் குறைத்துக்கொள்ளாதீர்கள். பத்தாண்டுப் பணி இருந்தால் 58 வயதில் முழு ஓய்வூதியம். ஐம்பதிலேயே கேட்டு வாங்கலாம்தான். ஆனால் முந்துகிற ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு வெட்டு, ஆயுள் முழுதும். 52-இல் வேலை போனவர், இழப்பீடு கையிலிருந்தால், 58 வரை பொறுக்கலாம். கையெழுத்திட்டு அதை இழந்தவர் எதை வைத்துப் பொறுப்பார்?

கிளைத் தோழர்களே, உங்கள் ஊர் ஆலையில் ஆர்டர் குறைகிறது என்ற பேச்சு எழுந்தால், அன்று மாலையே மூத்த தொழிலாளர்களைக் கூட்டுங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வைப்பு நிதி எண் மூன்றையும் எடுத்துவரச் சொல்லுங்கள். அலுவலக அறைக்கு எவரையும் தனியே அனுப்பாதீர்கள்.