பட்டாசு ஆலை வெடித்தால் முதலில் கைதாவது போர்மேன்... சட்டம் உண்மையில் யாரைப் பிடிக்கச் சொல்கிறது?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் நடக்கும் பட்டாசு ஆலை விபத்துச் செய்திகளுக்கு ஒரு அச்சு இருக்கிறது. மருந்துக் கலவையில் உராய்வு, இத்தனை அறைகள் தரைமட்டம், இத்தனை பேர் பலி, முதல்வர் இரங்கல், நிவாரணத் தொகை. கடைசிப் பத்தியில் ஒரு வரி வரும்: "ஆலை உரிமையாளர், மேலாளர், போர்மேன் மீது வழக்குப்பதிவு. போர்மேன் கைது." உரிமையாளரைப் பற்றிப் பெரும்பாலும் "தேடி வருகின்றனர்" என்று இருக்கும்.

அந்தக் கடைசி வரியைப் பெரும்பாலும் நாம் கடந்து போய்விடுகிறோம். ஆனால் ஃபேக்டரியோ, கட்டுமான சைட்டோ, கிடங்கோ, பத்துப் பேரை வேலை வாங்கும் இடத்தில் நீங்கள் இருந்தால் அது உங்களுக்கான வரி. மேற்பார்வை பார்த்தவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் ஜெயிலுக்குப் போக முடியுமா? அவருக்கு மேலே இருப்பவர் தப்பிக்க முடியுமா?

போர்மேன் என்ன செய்கிறார்?

விருதுநகர் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் உள்ளன. 15 கிலோ வரை வெடிமருந்து வைத்துத் தயாரிக்கும் சிறிய ஆலைகளுக்கு மாவட்ட நிர்வாகம் உரிமம் தருகிறது. அதற்கு மேல் போனால் மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம், அதாவது பெசோ. இதன் தலைமையிடம் நாக்பூர். எந்த உரிமமாக இருந்தாலும் அடிப்படை விதிகள் சிவகாசியில் எல்லோருக்கும் மனப்பாடம்: ஒரு அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, மரத்தடியில் வைத்து வேலை பார்க்கக் கூடாது, நேற்று மிஞ்சிய மருந்தை இன்று தொடக் கூடாது, அனுமதித்த ரகம் தவிர வேறு ரகம் செய்யக் கூடாது.

இந்த நான்கும் நடக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்க வேண்டிய ஆள்தான் போர்மேன். காலையில் எவ்வளவு மருந்து வெளியே போகிறது, எந்த அறைக்குப் போகிறது, யார் கலக்குகிறார்கள் என்பதெல்லாம் அவர் கண்ணில் படாமல் நடக்காது. அதனால் "எனக்குத் தெரியாது" என்று அவரால் சொல்லவே முடியாது.

ஆனால் தீபாவளி ஆர்டருக்கு எத்தனை பெட்டி பேன்சி ரகம் என்று முடிவு செய்வது அவர் இல்லை. பீஸ் ரேட்டில் கூலி வைத்ததும் அவர் இல்லை. நாலு பேர் அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தால், அந்த எட்டுப் பேரையும் ஆலைக்குக் கூட்டி வந்தது யார் என்ற கேள்வி அவரைத் தாண்டிப் போகிறது. தெரியும், ஆனால் மாற்ற முடியாது. சட்டச் சிக்கல் முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

வழக்கில் என்ன பிரிவு போடுகிறார்கள்?

2024 மே 9. செங்கமலப்பட்டி ஆலை வெடித்து 10 பேர் இறந்தார்கள். அப்போது இருந்தது பழைய இந்திய தண்டனைச் சட்டம். அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் என்ற 304-ஏ பிரிவில் அதிகபட்சத் தண்டனை 2 ஆண்டு.

2024 ஜூலை 1-ல் பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தது. அதே குற்றத்துக்கு இப்போது 106-ஆவது பிரிவு. அதிகபட்சம் 5 ஆண்டு. சரியாக ஒரு வருடம் கழித்து, 2025 ஜூலை 1 காலை, சின்னக்காமன்பட்டி ஆலை வெடித்தது. ஒரே மாவட்டம், ஒரே மாதிரி விபத்து, ஆனால் இடையில் சட்டத்தின் எடை இரண்டரை மடங்கு கூடியிருந்தது. "இப்படிச் செய்தால் சாவு வரும் என்று தெரிந்தே செய்தார்" என்று போலீஸ் நிரூபித்தால் 105-ஆவது பிரிவு. அதில் 10 ஆண்டு வரை போகலாம். வெடிபொருள் சட்டத்தின் 9-பி பிரிவு தனி.

தண்டனை கூடியது நல்லதுதானே? யார் மேல் என்பதைப் பொறுத்தது.

குற்றவியல் சட்டம் இந்த மாதிரி வழக்குகளில் முதலில் கேட்பது "சாவுக்கு நேரடிக் காரணம் யார்?" என்பதை. இந்தக் கேள்வி எப்படித் திசை மாறும் என்பதற்கு 1960-களின் நடுவில் உச்ச நீதிமன்றம் முடித்த ஒரு மும்பை வழக்கைப் பாருங்க. பெயிண்ட், வார்னிஷ் செய்யும் தொழிற்சாலை. நெருப்பில் வைத்துச் செய்யும் ரகத்துக்கு உரிமமே கிடையாது. ஆனாலும் நான்கு பர்னர்கள் எரிந்துகொண்டிருந்தன. பக்கத்திலேயே டர்பன்டைன், வார்னிஷ் இருப்பு. பீப்பாயில் கொதித்தது பொங்கி வழிந்து தீப்பிடித்து 7 தொழிலாளர்கள் இறந்தார்கள். நிறுவனத்தின் மேலாளரும் பங்குதாரருமாக இருந்தவர் மேல் 304-ஏ வழக்கு.

உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவிலிருந்து அவரை விடுவித்தது. உரிமம் இல்லாமல் பர்னர் வைத்தது தப்புதான், ஆனால் சாவுக்கு நேரடிக் காரணம், சூடு ஆறும் முன்பே அவசரமாக டர்பன்டைனை ஊற்றிய தொழிலாளியின் செயல் என்றது. தீயைக் கவனக்குறைவாகக் கையாண்டார் என்ற சின்னக் குற்றம் மட்டும் மேலாளர் மேல் நின்றது.

இந்த வழக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. சிவகாசிக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் விஷயம் புரியும். கடைசியாக மருந்தைத் தொட்டவர் பெரும்பாலும் உயிரோடு இருப்பதில்லை. அவருக்கு அடுத்து நின்றவர் யார்? போர்மேன். அதற்கு மேலே போக வேண்டுமென்றால் போலீஸ் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக நிரூபிக்க வேண்டும்.

இதே பிரிவில் மேலே வரை போன வழக்கும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். போபால் விஷவாயு வழக்கில் 2010 ஜூனில் தண்டிக்கப்பட்டவர்களின் பட்டியல் நிறுவனத் தலைவரில் தொடங்கி உற்பத்தி உதவியாளர் வரை நீள்கிறது. ஆனால் 1984-ல் நடந்ததற்கு 2010-ல், அதுவும் 2 ஆண்டு சிறை.

தொழிற்சாலைச் சட்டம் வேறு மாதிரி யோசிக்கிறது

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் கடைசியாக யார் தொட்டது என்று கேட்பதே இல்லை. கட்டுப்பாடு யாரிடம் என்றுதான் கேட்கும். ஆலையின் விவகாரங்கள் மேல் இறுதிக் கட்டுப்பாடு உள்ளவரை அது 'ஆக்குபையர்' என்று அழைக்கிறது. அவரும் மேலாளரும் ஒவ்வொரு விதிமீறலுக்கும் தனித்தனியே குற்றவாளி. போபாலுக்குப் பிறகு 1987-ல் திருத்தம் வந்தது: கம்பெனி என்றால் அதன் இயக்குநர்களில் ஒருவர்தான் ஆக்குபையர், சம்பளத்துக்கு வந்த ஒரு அதிகாரியை அந்த நாற்காலியில் உட்கார வைக்க முடியாது. கம்பெனிகள் எதிர்த்து வழக்குப் போட்டன, 1996-ல் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்றது.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இதே சட்டத்தில் 101 என்று ஒரு பிரிவு உண்டு. "நான் எல்லாக் கவனமும் எடுத்தேன். எனக்குத் தெரியாமல், என் சம்மதம் இல்லாமல் இவர்தான் விதியை மீறினார்" என்று உரிமையாளர் வேறொருவரை நீதிமன்றத்தில் கைகாட்டலாம். அதை நிரூபித்துவிட்டால் தண்டனை அந்த வேறொருவருக்கு, உரிமையாளர் வெளியே.

நிரூபிப்பதற்கு எது உதவும்? பேப்பர். பாதுகாப்புப் பயிற்சி கொடுத்த பதிவு, "அறைக்கு நான்கு பேர் மட்டுமே" என்று ஒட்டிய போர்டு, தினமும் போர்மேன் கையெழுத்துப் போட்ட ரிஜிஸ்டர். விதிப்படி நடந்தது என்று போர்மேன் போடும் ஒவ்வொரு கையெழுத்தும் உரிமையாளர் கவனமாக இருந்தார் என்பதற்கு ஆதாரம். அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள் என்று விபத்துக்குப் பிறகு தெரியவந்தால், அதே கையெழுத்து போர்மேன் பொய் எழுதினார் என்பதற்கு ஆதாரம். என் பார்வையில், மேற்பார்வையாளர் வேலையில் இருக்கும் மிகப் பெரிய சட்ட ஆபத்து வெடிமருந்து இல்லை, இந்த ரிஜிஸ்டர்.

உள்குத்தகை: ஆக்குபையரே காணாமல் போகும் வித்தை

கட்டுப்பாடு யாரிடம் என்ற கேள்வியைக் குழப்ப இந்தப் பகுதியில் ஒரு பழைய வழி இருக்கிறது. உரிமம் ஒருவர் பெயரில். ஆலையை அவர் இன்னொருவருக்குக் குத்தகைக்கு விடுவார். அவர் அறை அறையாகப் பிரித்துப் பல பேருக்கு உள்குத்தகை விடுவார். வெடிபொருள் விதிகள் இதற்கு அனுமதி தருவதில்லை. 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த விபத்தில் வெளியே வந்த முக்கிய விஷயமே இதுதான்.

அந்த விபத்தை தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து எடுத்தது. யாருடைய அலட்சியம் என்று நிரூபிக்கும் வரை காத்திருக்காமல், இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உத்தரவிட்டது. ஆபத்தான தொழில் நடத்துபவர் தப்பு செய்தாரா என்று பார்க்கத் தேவையில்லை, நஷ்டம் அவருடையதுதான் என்பது டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில், 1980-களிலேயே உச்ச நீதிமன்றம் வகுத்த கொள்கை. இழப்பீட்டுக்கு இந்தப் பாதை இருக்கிறது. சிறைக்கு மட்டும் இன்னும் கீழிருந்து மேலே ஏற வேண்டியிருக்கிறது.

கனடாவில் ஒரு தீர்ப்பு

டொராண்டோ, 2009 டிசம்பர் 24. அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியைப் பழுது பார்க்கக் கட்டித் தொங்கவிட்ட மேடை முறிந்து 4 தொழிலாளர்கள் இறந்தார்கள். மேடையில் இருந்த எல்லோருக்கும் போதுமான பாதுகாப்புக் கயிறு இல்லை. திட்ட மேலாளர் அதைக் கவனித்து சைட் சூப்பர்வைசரிடம் கேட்டார், "கவலைப்படாதீங்க" என்று பதில் வந்தது, வேலை தொடர்ந்தது. சூப்பர்வைசரும் இறந்தவர்களில் ஒருவர்.

கனடா 2004-லேயே தன் குற்றவியல் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்திருந்தது: இன்னொருவர் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டோ, அவருக்கு அந்த ஆளின் உயிரைக் காக்கும் சட்டக் கடமையும் உண்டு. அதன்படி திட்ட மேலாளருக்கு 2016-ல் மூன்றரை ஆண்டு சிறை. "கேட்டேன், சரின்னு சொன்னாங்க" என்பது போதவில்லை. ஆனால் நிறுவனமும் தப்பவில்லை. இறந்த சூப்பர்வைசரின் அலட்சியம் நிறுவனத்தின் அலட்சியமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டு, மேல்முறையீட்டில் அபராதம் 7.5 லட்சம் கனடிய டாலர் ஆனது. கீழே நின்றவர் மேல் பழி விழுந்தால் மேலே இருப்பவர் தப்பிக்கும் நம் ஊர்க் கணக்கு அங்கே தலைகீழாக வேலை செய்தது.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

2025 நவம்பர் 21 முதல் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத்தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. கடமை தவறியதால் மரணம் என்றால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது குறைந்தது 5 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் இறந்தவர் குடும்பத்துக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். அந்தத் தேதிக்கு முன் நடந்த விபத்துகளுக்குப் பழைய சட்டம்தான்.

போர்மேனை நேரடியாகத் தொடும் ஒரு சின்ன விஷயம் இதில் ஒளிந்திருக்கிறது. மேற்பார்வை வேலை பார்த்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால், புதிய சட்டத்தொகுப்புகளின் வரையறையில் அவர் 'தொழிலாளி' இல்லை, 'பணியாளர்' மட்டுமே. வேலையை விட்டுத் துரத்தினால் தொழிலாளிக்குக் கிடைக்கும் தொழில் தகராறு பாதுகாப்பு அவருக்குக் கிடைக்காது. அதாவது, "எட்டுப் பேரை உட்கார வைக்க மாட்டேன்" என்று சொல்லி வேலை போனால், அவருக்கு இருக்கும் பிடிமானம் அவர் கீழே வேலை பார்ப்பவரை விடக் குறைவு. பொறுப்பைக் கூட்டும்போது யாராவது இதையும் யோசித்திருக்கலாம்.

ஒன்று மட்டும் அவர் கையில் இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் முதலாளியிடம் தெரிவிக்கவும், அதே நேரத்தில் அரசு ஆய்வாளருக்கும் தெரிவிக்கவும் எல்லாப் பணியாளர்களுக்கும் உரிமை உண்டு. பழைய சட்டமும் 41-எச் பிரிவில் தொழிலாளர்களுக்கு இதைச் சொன்னது. வாயால் சொன்னால் நீதிமன்றத்தில் அதற்கு எடை குறைவு. தேதி, நேரம், எந்த அறை, எத்தனை பேர், யாரிடம் சொன்னது என்று எழுத்தில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் மெசேஜ்கூட சாட்சியமாகலாம். அதற்கு ஒரு நகல் ஆலைக்கு வெளியே, வீட்டில் இருக்கட்டும். ரிஜிஸ்டரில் மட்டும் எழுதி வைத்தால் வெடிக்கிற அன்று அதுவும் சேர்ந்து எரிந்துபோகும்.