உலைப் பதிவேடும் மாதிரியின் பகுதிதான்

டிரான்ஸ்ஃபார்மர் கோர் சுற்றும் பட்டறையில் இரும்பு-போரான்-சிலிக்கான் நாடாவைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இனி சொல்லப்போவது புதிய செய்தி அல்ல. சுமார் 25 மைக்ரான் கனம். உருகிய உலோகம் சுழலும் செப்புச் சக்கரத்தில் பட்டு உறைந்து வந்த அந்த நாடாவை இரண்டாக மடித்து நகத்தால் அழுத்தினாலும் ஒடியாது. காந்தப் புலத்தில் வைத்து 350 டிகிரி செல்சியஸ் அளவில் அனீல் செய்து எடுத்தபின் ஒரு துண்டை மடியுங்கள். அப்பளம் போல நொறுங்கும். காந்த இழப்பு குறைந்திருக்கும், அதற்காகத்தானே சூடுபடுத்தினோம். ஆனால் எக்ஸ்-கதிர் படத்தில் முன்பும் அகன்ற ஒரே மேடு, பின்பும் அதே மேடு. படிகம் முளைக்கவில்லை, கலவை மாறவில்லை. ஆனாலும் கையில் இருப்பது வேறு பொருள்.

புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில் எஃகோடு பழகிய கைகள் இதை எளிதில் ஏற்பதில்லை. அரிவாளுக்குத் தோய்ச்சல் போடும் கொல்லருக்கே தெரிந்த பாடம் ஒன்று உண்டு. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் விறைக்கும். மறுபடி மிதமாகச் சூடு காட்டினால் முறியாத பதம் வரும். அந்த நாடாவைப் போலப் படிகமில்லாமல் உறைந்த உலோகக் கண்ணாடியில் பெரும்பாலும் இந்தப் பாடம் தலைகீழ். வேகமாக உறையும்போது அணுக்களுக்கு இடையே கொஞ்சம் தளர்ந்த இடம் சிக்கிக்கொள்கிறது; ஃப்ரீ வால்யூம் என்று நாம் சொல்வது அதைத்தான். மிதமான சூட்டில் அணுக்கள் நெருங்கி அடைந்து அந்த இடம் குறைகிறது. உலோகம் ஒடியாமல் வளைய இடம் தரும் சறுக்குப் பட்டைகள் பலவாகக் கிளம்பிப் பளுவைப் பங்கிட்டுக்கொள்ளும் வாய்ப்பும் அதோடு குறைகிறது.

1960இல் கால்டெக்கில் துவேயும் அவருடைய மாணவர்களும் தங்கம்-சிலிக்கான் கலவையை விநாடிக்குப் பத்து லட்சம் டிகிரி வேகத்தில் குளிர்வித்து முதல் உலோகக் கண்ணாடியைக் கண்டார்கள். 1993இல் பீக்கரும் ஜான்சனும் சிர்கோனியம், டைட்டேனியம், தாமிரம், நிக்கல், பெரிலியம் சேர்ந்த விட்ரலாய்-1 கலவையை விநாடிக்குச் சில டிகிரி வேகத்திலேயே கண்ணாடியாக்கினார்கள். சென்டிமீட்டர் கனத்தில் வார்க்க முடிந்ததும் அதிலிருந்து அயர்ச்சிச் சோதனைக்கு மாதிரி அறுக்கலாம் என்றானது. கனம் கூடியபோது சிக்கலும் கூடியது.

இந்தச் சிக்கலின் ஒரு பாதியை, அதாவது சூட்டால் வரும் நொறுங்கலை, உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர்களில் நம் நாட்டவர் முன்னணியில் இருக்கிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராமமூர்த்தியின் குழு 2002இலும் 2005இலும் வெளியிட்ட கட்டுரைகள், விட்ரலாய்-1ஐக் கண்ணாடி மாறுநிலைக்குக் கீழேயே அனீல் செய்தால் அதன் தாக்குறுதி எப்படிச் சரிகிறது என்பதைக் காட்டின. இந்தத் துறைக்கு வரும் மாணவர்கள் முதலில் படிக்க வேண்டியவை அவை என்பது என் கருத்து.

இனி மறு பாதி: அயர்ச்சி, அதாவது திரும்பத் திரும்ப ஏறும் பளுவில் பொருள் களைத்து முறிவது. புதுச்சேரியில் பிரெஞ்சு பேசும் பெரியவர்கள் களைத்துப்போனால் "ஃபத்திகே" என்பார்கள். அந்தச் சொல்லை உலோகத்துக்கும் பொருத்தியவர் பிரெஞ்சுப் பொறியாளர் போன்சலே என்று துறை வரலாறு சொல்கிறது. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயில் மெதோனில் எஞ்சின் அச்சு முறிந்து கவிழ்ந்து எரிந்தது. அடுத்த ஆண்டே ராங்கின் ரயில் அச்சுகளின் முறிவைப் பற்றி எழுதினார். அன்று தொடங்கிய பாடம் எஃகுக்கு ஒரு நம்பகமான கட்டைவிரல் கணக்கைத் தந்தது: அயர்ச்சி வரம்பு, இழுவலிமையில் ஏறத்தாழப் பாதி.

உலோகக் கண்ணாடிக்கு அப்படி ஒரு கணக்கு இன்னும் இல்லை. கில்பர்ட்டும் ரிட்சியும் 1990களின் இறுதியில் விட்ரலாய்க்குக் கண்ட வரம்பு, இழுவலிமையில் வெறும் 4 விழுக்காடு. டென்னசி பல்கலைக்கழகக் குழு வேறு சிர்கோனியக் கலவைகளில் அதைவிடப் பல மடங்கு உயர்ந்த மதிப்புகளை அறிவித்தது. கலவை வேறு, மாதிரியின் வடிவம் வேறு, பளு ஏற்றிய விதம் வேறு, மேற்பரப்பின் மெருகு வேறு. இவை எல்லாம் காரணங்களே. ஆனால் கட்டுரைகளில் மிகக் குறைவாக எழுதப்படும் காரணம் வெப்ப வரலாறு.

செப்பு அச்சில் வார்த்த தகட்டில், புறப்பரப்பு முதலில் உறைந்து உட்புறம் பிறகு சுருங்குவதால், மேலே அமுக்கத் தகைவும் உள்ளே இழுவைத் தகைவும் தங்கிவிடுகின்றன. காரின் பக்கக் கண்ணாடியில் வேண்டுமென்றே செய்வது இங்கே தானாக நடக்கிறது. அந்தத் தகட்டின் மேல்தோலைச் சீவி மாதிரி எடுத்தால் ஒரு விடை, சீவாமல் எடுத்தால் வேறு விடை. சரி, எஞ்சிய தகைவைப் போக்கிவிடுவோம் என்று எஃகுக்குச் செய்வது போல ஸ்ட்ரெஸ் ரிலீவ் செய்தால், அதே சூடு ஃப்ரீ வால்யூமையும் குறைத்துவிடுகிறது. ஒன்றைத் திருத்தப் போய் இரண்டை மாற்றிவிடுகிறோம். பிறகு ஆயுள் மாறியதற்கு எது காரணம் என்று சொல்ல வழியில்லை. லோனே, புஷ், குரூசிக் மூவரும் 2006இல் காட்டியது இன்னும் நுட்பமானது. அனீல் செய்ததால் விரிசல் வளரும் வேகம் அதிகம் மாறவில்லை; விரிசல் முனையில் சுழற்சிப் பளுவே அணுக்களைப் புதிதாகத் தளர்த்திவிடுகிறது. ஆனால் மொத்த ஆயுள் வெகுவாக மாறியது. ஆகவே வளர்ச்சி வேகத்தை மட்டும் அளந்துவிட்டு "அனீலிங்கால் பாதிப்பில்லை" என்று எழுதுவது தவறு.

நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் "300 டிகிரியில் 2 மணி நேரம் அனீல் செய்யப்பட்டது" என்ற ஒற்றை வரியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எந்த வேகத்தில் ஏற்றினீர்கள்? தெர்மோகப்புள் உலையின் சுவரில் இருந்ததா, மாதிரியைத் தொட்டுக்கொண்டிருந்ததா? நடுவில் மின்சாரம் போய் வந்ததா? எஃகை டெம்பர் செய்யும் உலையில் 10 டிகிரி வேறுபாடு பொறுத்துப் போகும். கண்ணாடி மாறுநிலையை ஒட்டிய இடத்தில் அந்த 10 டிகிரியே தளர்வு நேரத்தைப் பல மடங்கு மாற்றிவிடும். குளிரும் கணக்கில் சேரும்: 2015இல் கெட்டோவ் குழு திரவ நைட்ரஜனுக்கும் அறை வெப்பத்துக்கும் இடையே மாறி மாறி முக்கியே உலோகக் கண்ணாடியை மறுபடி இளக்கிக் காட்டியது.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கல்பாக்கம். அங்கே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் அணு உலை எஃகுகளின் உயர்வெப்ப அயர்ச்சியை ஆராயும் மரபு நீண்டது. எந்த வார்ப்பு, எந்தப் பதம் என்று தெரியாத எண்ணுக்கு அந்த மரபில் மதிப்பில்லை. உலோகக் கண்ணாடிக்கும் அதே கண்டிப்பு வேண்டும், இன்னும் கூடுதலாகவே வேண்டும்.

அடுத்த இதழ் முதல், அயர்ச்சி பற்றிய கட்டுரைகளோடு வார்ப்பு அச்சின் கனம், மாதிரியைத் தகட்டின் எந்த இடத்திலிருந்து அறுத்தீர்கள் என்ற படம், அனீலிங்குக்கு முன்னும் பின்னும் எடுத்த டி.எஸ்.சி. வளைவு, உலையின் முழு வெப்பப் பதிவு ஆகியவற்றையும் கேட்போம். முறிந்த மாதிரிகளைத் தூக்கி எறியாதீர்கள். சோதனை கெட்டுப்போனது என்று ஒதுக்கியவற்றின் பதிவையும் சேர்த்து அனுப்புங்கள். அவற்றுக்கும் பக்கம் ஒதுக்குவோம்.