நோயாளியின் கட்டிலருகே யார்?
பொது வைத்தியசாலைகளில் ஆன்மிகத் துணை பற்றிய ஒரு நோக்கு

உடலைப் பேணுவது மருத்துவம், உயிரைப் பேணுவது சமயம் என இரண்டையும் வெவ்வேறு அறைகளிற் பூட்டிவைத்தல் இக்காலத்து வழக்கமாகிவிட்டது. ஆயின், நோயாளி அவ்வாறு இரு கூறாகப் பிரிந்து வைத்தியசாலைக்கு வருவதில்லை. பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை அமைந்துள்ள மந்திகைக்கு வடமராட்சியின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வந்து சேர்கின்றனர். வல்லிபுர ஆழ்வாரின் அடியவரும், தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் நேர்த்தி வைத்தவரும், கரையோரத்துக் கத்தோலிக்க மீனவரும், மெதடிஸ்த சபையினரும் அங்கே அடுத்தடுத்த கட்டில்களிற் கிடப்பர். அவர்தம் குருதியைச் சோதிக்க ஒருவர் உளர். மருந்து கொடுக்க ஒருவர் உளர். நள்ளிரவில் உயிர் ஊசலாடும் ஒருவர் தேவாரம் கேட்க விரும்பினால், அல்லது குருவானவரை அழைக்குமாறு வேண்டினால், அதனை எவரிடம் சொல்வது? இலங்கையின் அரசாங்க வைத்தியசாலை அமைப்பில் இதற்கென ஒரு பதவி இல்லை. தாதியின் இரக்கமும் வாயிற்காவலரின் தயவுமே அதற்கு வழி.

இக்குறை சிறிதெனக் கொள்வோர் மிகப் பலர். அவர் கூறும் நியாயங்களை ஒவ்வொன்றாக நோக்குதல் தகும்.

முதலாவது, 'வைத்தியசாலை வளவுகளிற் கோயிலும் புத்தர் சிலையும் உள்ளனவே, அவை போதாவா?' என்பது. போதா. கோயில் நடக்கக்கூடியவனுக்கு உரியது. எழுந்து நடக்கவியலாதவனின் கட்டிலுக்குச் சிலை வராது, மனிதனே வரவேண்டும். வளவில் ஒரு சமயத்தின் உருவத்தை நாட்டிவிட்டு எல்லார்க்கும் ஆன்மிகத் துணை அளித்துவிட்டதாக நினைப்பது, உணவுப் படத்தைச் சுவரில் மாட்டிப் பசியாற்றியதாகக் கூறுவதை ஒக்கும்.

இரண்டாவது, 'மருந்துக்கே தட்டுப்பாடு. இதற்கு எங்கே பணம்?' என்பது. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது மருந்தின்றி வைத்தியசாலைகள் தவித்தமை உண்மையே. ஆனால், இத்துணையும் மருத்துவத்தின் ஒரு பகுதியே என்பதை உலகம் ஏற்றுக்கொண்டு நெடுநாளாயிற்று. 1967 இல் இலண்டனிற் புனித கிறிஸ்தோபர் இல்லத்தை நிறுவிய சிசிலி சோண்டர்ஸ் அம்மையார், இறப்பை எதிர்நோக்குபவரின் வலி உடல், உளம், சமூகம், ஆன்மிகம் ஆகிய நான்கும் பின்னிய முழுவலி என விளக்கினார். 2014 இல் உலக சுகாதாரப் பேரவை நோவுதணிப்புப் பராமரிப்புப் பற்றி நிறைவேற்றிய தீர்மானமும் ஆன்மிகத் தேவையைப் புறக்கணிக்கவில்லை. இன்னுமொன்று. நீரிழிவு நோயாளர் கந்தசஷ்டி விரதமோ ரமழான் நோன்போ இருக்கும்போது இன்சுலின் அளவை மாற்றவேண்டி வரும். வைத்தியரிடம் மறைத்து நோன்பிருப்பவர் மயங்கி வீழ்கிறார். அவரது நம்பிக்கையை மதித்து உரையாடக்கூடிய ஒருவர் விடுதியில் இருப்பது மருந்துச் செலவைக் கூட்டாது, குறைக்கவே செய்யும்.

மூன்றாவது, 'மதச்சார்பற்ற பொது நிறுவனத்துட் சமயம் நுழைதல் ஆகாது' என்பது. சமயம் ஏற்கெனவே நுழைந்தேயிருக்கிறது. நுழையாதது ஒழுங்கு ஒன்றே. 2020 இல் கொரோனாத் தொற்றினால் இறந்தோர் அனைவரையும் எரிக்கவேண்டுமென அரசு கட்டளையிட்டது. அடக்கஞ் செய்தலை உலக சுகாதார நிறுவனம் தடைசெய்திருக்கவில்லை. இருந்தும் முஸ்லிம் குடும்பங்கள் பல தம் உறவினரின் உடல்கள் எரிவதைப் பார்த்திருக்க நேர்ந்தது. பச்சிளங் குழந்தையொன்றின் உடலும் பெற்றோரின் விருப்புக்கு மாறாக எரியூட்டப்பட்டது. 2021 பெப்ரவரியிலேயே அக்கட்டளை நீங்கியது; அதன்பின் ஓட்டமாவடியில் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. 2024 இல் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை சமய சுதந்திரத்தை உறுதிப்படுத்தும் நாட்டிலேயே இது நிகழ்ந்தது. அவ்வேளை, 'இக்குடும்பத்தின் நம்பிக்கை யாது?' என்று கேட்டு அதற்காகப் பேசுதலைத் தன் கடமையாகக் கொண்ட ஓர் அலுவலர் எந்த வைத்தியசாலையிலும் இருக்கவில்லை. எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான ஒழுங்கு இல்லாதவிடத்து வலியார் நம்பிக்கையே சட்டமாகிவிடுகிறது.

நான்காவது நியாயமே யாழ்ப்பாணத்தில் மிக உரத்து ஒலிப்பது: 'இது மதமாற்றத்துக்குக் கதவு திறக்கும்.' இவ்வச்சத்துக்கு வரலாற்று அடிப்படை உண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலே மருத்துவங் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவருக்குத் தமிழுலகம் பெரிதுங் கடமைப்பட்டுள்ளது. எனினும், தமிழருக்கு நற்செய்தி கொணர்ந்த மருத்துவன் எனத் தம் கல்லறையிற் பொறிக்கப்படவேண்டும் என்பதே அவர் விருப்பம். மருந்தும் போதனையும் அன்று ஒரே கையால் வழங்கப்பட்டன.

ஆயின், நோய்ப்படுக்கையில் மனம் மாறுதல் மிசனரிமார் கொண்டுவந்த புதுமையன்று. சூலை நோயால் வருந்திய மருணீக்கியார் சமணப் பள்ளியை நீங்கித் தமக்கையார் திலகவதியாரிடம் வந்து திருநீறு பெற்றதைப் பெரியபுராணம் போற்றுகிறது. நோயுற்றவன் துணை தேடுவான். துணை எங்கே கிடைக்கிறதோ அங்கே சாய்வான். இது மனித இயல்பு.

எனவே, கேட்கப்படவேண்டிய வினா வேறு. பாதிரியார் நோயாளியின் கட்டிலருகே ஏன் வந்தார் என்பதன்று. சைவக் குருமார் ஏன் வரவில்லை என்பதே அது. மிசன் பாடசாலைக்கு மறுமொழியாக நாவலர் பெருமான் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தோற்றுவித்தார். மிசன் அச்சகத்துக்கு மறுமொழியாகத் தாமும் அச்சகம் நிறுவினார். 1870களின் பஞ்சத்திற் கஞ்சித்தொட்டி வைத்தார். மிசன் வைத்தியசாலையின் கட்டிலருகுக்கு மட்டும் மறுமொழி இன்றுவரை எழவில்லை. சைவக் குரு கோயிலுக்குரியவராகவே நின்றுவிட்டார். நோயும் இறப்பும் துடக்கெனக் கருதப்பட்டன. அத்துடன், 1968 இல் மாவிட்டபுரத்து வாயிலில் ஆலயப் பிரவேசத்தைத் தடுத்த சமூகம், சாதி பாராது கட்டிலுக்குக் கட்டில் செல்லும் குருவை எங்ஙனம் உருவாக்கும்? இதன் விளைவு யாதெனில், சைவர் பெரும்பான்மையாக வாழும் வடமராட்சியில், இறுதி வேளையிற் சமயத் துணையின்றிக் கிடப்பவர் பெரும்பாலும் ஏழைச் சைவரே. மதமாற்றத்தை எண்ணி அஞ்சுவோர் முதலில் இதனை எண்ணி நாணுதல் வேண்டும்.

'உளவளத்துணையாளர் உளரே' எனச் சிலர் கூறலாம். 1987 இல் யாழ்ப்பாணத்தில் உருவான சாந்திகம் முதலிய நிறுவனங்களும் உளமருத்துவத்துறையும் போரின் வடுக்களை ஆற்ற உழைத்தமை மறக்கற்பாலதன்று. ஆயின், இரு பணிகளும் ஒன்றல்ல. 1980களின் தொடக்கத்திலிருந்து வடபகுதியில் அலரி விதை தின்று வைத்தியசாலை சேர்ந்த இளைஞர் எத்துணையோ பேர். இதயத்துடிப்பை மருத்துவர் சீராக்குவர். மனச்சோர்வை உளமருத்துவர் நோக்குவர். 'என்னைக் கடவுள் மன்னிப்பாரா?' என்று கேட்பவனுக்கு மறுமொழி கூறுதல் இவ்விருவர் தொழிலுமன்று. 2004 திசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையைச் சூறையாடியபோது, பிள்ளையின் உடலையேனுங் காணாத தாய்மார் கேட்டது மருந்தையா? கிரியை செய்யலாமா, செய்யலாகாதா என்பதையே அவர்கள் கேட்டனர்.

செய்யவேண்டியது அரிதன்று. ஆதார வைத்தியசாலை ஒவ்வொன்றிலும் பயிற்சிபெற்ற ஆன்மிகத் துணையாளர் ஒருவர் அரசாங்க அலுவலராக நியமிக்கப்படல் வேண்டும். அவர் எச்சமயத்தவராகவும் இருக்கலாம்; சமயமற்றவராகவும் இருக்கலாம். நோயாளி சொல்வதைக் கேட்பதும், விரும்பினால் அவரவர் குருக்களையோ குருவானவரையோ போதகரையோ மௌலவியையோ பிக்குவையோ அழைப்பிப்பதுமே அவர் பணி. நோயாளி கேளாதிருக்க எவரும் கட்டிலை அணுகலாகாது. மதமாற்ற முயற்சி பணிநீக்கத்துக்குரிய குற்றமாதல் வேண்டும். வேண்டாம் என்பவரின் விருப்பமும் அவ்வாறே மதிக்கப்படல் வேண்டும். பிரித்தானிய தேசிய சுகாதார சேவையிற் பல சமயத்தாரும் சமயஞ்சாராதாரும் இப்பணியை ஆற்றுகின்றனர். அங்கு இயல்வது மந்திகையில் இயலாதென்பதற்குக் காரணமில்லை. இலவச மருத்துவத்தை உரிமையெனப் பெற்ற நாடு இதனையும் உரிமையெனக் கேட்கலாம். பல்கலைக்கழகங்களின் மருத்துவ பீடமும் இந்து நாகரிகம், கிறிஸ்தவ நாகரிகம், இஸ்லாமிய நாகரிகம் ஆகிய துறைகளும் ஒன்றுகூடிப் பயிற்சிநெறியொன்றை வகுத்தால் தொடக்கத்துக்கு அதுவே போதும்.

கோபுரங்கள் உயர்கின்றன, தேர்கள் புதிதாகின்றன, புலம்பெயர்ந்தோர் பணம் கும்பாபிடேகங்களிற் பாய்கிறது. அதில் ஒரு துளியேனும் நோயாளியின் கட்டிலருகே ஒரு நாற்காலியையும் அதில் இருக்க ஒரு மனிதரையும் தருமாயின், அந்நாற்காலியே யாழ்ப்பாணத்தின் மிகப் புனிதமான பீடமாகும்.