காதர்பேட்டை இந்தி: முதலில் காது பழகட்டும்!

காதர்பேட்டை பனியன் கடைகளுக்கு வடமாநில வியாபாரிகள் மொத்தச் சரக்கெடுக்க வருகிறார்கள். புத்தகம் பார்த்து இந்தி கற்றவர்கூட விலை பேசும்போது திணறுகிறார். ஏன்? 'டேட் சௌ' என்றால் 150. 'டாயி சௌ' என்றால் 250. காது தவறினால் பீஸுக்கு 100 ரூபாய் போச்சு!

'உன்தீஸ்' 29, 'உன்தாலீஸ்' 39. 19 முதல் 79 வரை ஒன்பதில் முடியும் எண்களெல்லாம் 'உன்' என்றுதான் தொடங்கும். அடுத்த பத்தில் ஒன்று குறைவு என்று பொருள்.

இதைக் கண்ணால் படித்தால் போதாது. கடையில் வேலை பார்க்கும் பீகார் தம்பியை தினமும் பத்து நிமிஷம் விலைகளைச் சொல்லச் சொல்லி, இலக்கத்தில் எழுதுங்க. மெதுவாகச் சொல்லச் சொல்லாதீங்க. வியாபாரி அப்படிப் பேச மாட்டார். காது பிடிபட்டால் பேச்சு தானா வரும்.