குறுகிய கூரை



முப்பது வயதைக் கடந்த சகோதரி ஒருவர், முழந்தாளிட்டு எழும்போதெல்லாம் தொடையிடுக்கில் வலிக்கிறதென்று அண்மையில் நம்மிடம் கூறினார். வாயுப் பிடிப்பென்று எண்ணிப் பல ஆண்டுகள் தைலம் தேய்த்தாராம். எக்ஸ்ரே எடுத்தபோதுதான், இடுப்பு மூட்டின் கிண்ணம் இளமை முதலே சற்று ஆழங்குறைந்திருப்பது தெரிந்தது. "சிறு துளை அறுவை போதுமா, எலும்பை வெட்டும் பெரிய அறுவை வேண்டுமா?" என்பதே அவரது கலக்கம். நாம் மருத்துவரல்லோம், எனினும் கேட்டுத் தெளிந்ததைக் கூறுவோம்.

தொடையெலும்பின் உருண்டைத் தலையை இடுப்பெலும்பின் கிண்ணம் கூரைபோல் மூடியிருத்தல் வேண்டும். அம்மூடலை மருத்துவர் கோணமாக அளக்கின்றனர். பொதுவாக, 25 பாகைக்கு மேல் இருப்பின் நலம், 20க்குக் கீழ் எனில் குறைபாடு, இடைப்பட்டது எல்லைநிலை. கூரை குறுகினால் பாரம் விளிம்பில் விழும். விளிம்பிலுள்ள குருத்தெலும்பு வளையம் கிழியும். நாளடைவில் மூட்டே தேயக்கூடும்.

எல்லா வலிக்கும் கத்தி தேவையில்லை. இடுப்புத் தசைகளை வலுவாக்கும் பயிற்சியாலும் உடல் எடையைக் குறைப்பதாலும் தேறியவர் உண்டு. அவை பயன்தராவிடில் வழிகள் மூன்று.

முதலாவது ஆர்த்ரோஸ்கோப்பி: சிறு துளைகள் வழியே கிழிந்த வளையத்தைத் தைத்தல். உடல் விரைவில் தேறும். ஆனால் கூரையின் குறை அப்படியே நிற்கும்.

இரண்டாவது, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் மருத்துவர் ரைன்ஹோல்ட் கான்ஸ் 1984ஆம் ஆண்டில் தொடங்கிய முறை. கிண்ணத்தைச் சுற்றி எலும்பை வெட்டி, தலையை நன்கு மூடுமாறு திருப்பி, திருகாணிகளால் பொருத்துவர். பல வாரங்கள் ஊன்றுகோல் வேண்டும். நரம்பு பாதிப்பு, எலும்பு கூடாமை போன்ற இடர்களும் உண்டு. ஆயினும் குறையின் வேரையே இது தொடுகிறது. மூட்டு அதிகம் தேயாத இளவயதினர்க்கே இது ஏற்றது.

மூன்றாவது செயற்கை மூட்டு. பெரிதும் தேய்ந்த மூட்டுக்கே அது உரியது.

எல்லைநிலையில் முதலிரண்டுள் எது மேல் என்பதில் மருத்துவரிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. ஆதலால் அச்சகோதரியிடம் நாம் கூறியது இதுவே: "அறுவை சிறிதா பெரிதா என்று கேளாதீர்கள். வலி கிழிந்த விளிம்பால் மட்டும் வருகிறதா, மூட்டு உறுதியற்று அசைவதாலா என்று கேளுங்கள்." உறுதியற்ற மூட்டில் துளை அறுவை மட்டும் செய்தால் வலி திரும்பக்கூடும், பின்னர் பெரிய அறுவையும் தேவைப்படலாம்.

மற்றொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது முதல் மருத்துவரை அவமதிப்பதன்று. கணவன்மாரே, மருத்துவரைக் காண நீங்களும் உடன் செல்லுங்கள். தாய் ஊன்றுகோலுடன் இருக்கும் வாரங்களில் அடுப்படியையும் பிள்ளைகளையும் யார் கவனிப்பது என்பதை, அறுவைக்கு நாள் குறிக்குமுன் குடும்பமாக அமர்ந்து முடிவு செய்யுங்கள்.