முதலில் நகல், பிறகே பழுதுபார்ப்பு

கணினி ஒரு நாள் வழக்கத்துக்கு மாறாக ‘டிக்... டிக்...’ என்று சத்தம் போடுகிறது. ஒரு கோப்பைத் திறக்க அரை நிமிடம் ஆகிறது. திரை உறைந்து நிற்கிறது. வன்தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், பழுதாகத் தொடங்கிவிட்டதற்கு இவை அறிகுறிகளாக இருக்கலாம்.

அப்போது பெரும்பாலான மாணவர்கள் மூன்று காரியங்களைச் செய்கிறார்கள். கணினியைத் திரும்பத் திரும்ப அணைத்துத் திறக்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் மீட்பு மென்பொருளை அதே கணினியில் பதிவிறக்குகிறார்கள். கடைசியில் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், “எப்படியாவது ஓட வைத்துக் கொடுங்கள்” என்கிறார்கள். இந்த மூன்றும் தவறு என்பதே என் கருத்து. காரணம் எளிது. நமக்கு வேண்டியது வன்தட்டு அல்ல, அதற்குள் இருக்கும் கோப்புகள். வன்தட்டைக் கடையில் புதிதாக வாங்கலாம். கோப்பை வாங்க முடியாது.

வன்தட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது புரியும். காந்தப் பூச்சு கொண்ட வட்டுகள் அதில் சுழல்கின்றன. சாதாரண மடிக்கணினியின் வட்டு நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது வினாடிக்கு 90 முறை சுற்றும். வட்டின் ஆரம் 3 சென்டிமீட்டர் என்று வைத்து நீங்களே கணக்கிடுங்கள். அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலையில் அந்த வேகத்தில் யாரும் வண்டி ஓட்டத் துணியமாட்டார்கள்.

அந்த வட்டுக்கு மேலே, தரவைப் படிக்கும் முனை ஒரு மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கிறது. இரண்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். முனை பழுதாகி வட்டில் உரசினால், காந்தப் பூச்சு தூளாக உதிரும். அந்தத் தூள் மற்ற இடங்களையும் கீறும். பழுதான வன்தட்டை ஒவ்வொரு முறை ஓடவிடும்போதும் இந்தச் சேதம் கூடலாம். ‘டிக்’ சத்தம் கேட்ட பிறகும் “இன்னொரு தடவை திறந்து பார்ப்போம்” என்பது காயத்தைக் கீறிப் பார்ப்பது போன்றது.

வன்தட்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் உயிர் வரும் என்று சிலர் சொல்வார்கள். நம் மலையில் காலையில் சன்னல் கண்ணாடியில் நீர்த்துளிகள் படிவதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த பொருளின் மீது ஈரக் காற்று பட்டால் ஆவி சுருங்கி நீராகும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த வன்தட்டின் உள்ளேயும் அதுவே நடக்கலாம். அறிவியல் பாடத்தில் படித்ததை இங்கே மறக்கலாமா?

தவறுதலாக அழித்த கோப்பின் கதை வேறு. சுழலும் வன்தட்டில் ஒரு கோப்பை அழிக்கும்போது, பொதுவாக அதன் உள்ளடக்கம் உடனே மறைவதில்லை. புத்தகத்தின் பொருளடக்கத்திலிருந்து ஒரு வரியை அடிப்பது போல, “இந்த இடம் காலி” என்று கணினி குறித்துக்கொள்கிறது. அந்தப் பக்கம் அப்படியேதான் இருக்கும், வேறொன்று அதன் மேல் எழுதப்படும்வரை. மீட்பு மென்பொருளை அதே வன்தட்டில் பதிவிறக்கினால், நீங்கள் தேடும் கோப்பின் மேலேயே அது எழுதப்படலாம்.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? கோப்பைத் தவறுதலாக அழித்திருந்தாலும் சரி, கணினி மெதுவாகிவிட்டாலும் சரி, உடனே வேலையை நிறுத்தி அணைத்துவிடுங்கள். வன்தட்டைக் கழற்றத் தெரிந்த ஒருவரின் உதவியோடு அதை வேறொரு கணினியில் இணைத்து, அதிலிருந்து முழு நகல் எடுங்கள். பழுதுநீக்கும் கட்டளைகள் எதையும் அதற்கு முன் ஓட்டாதீர்கள். அவை வன்தட்டில் எழுதி, இருப்பதையும் மாற்றிவிடக்கூடும். சோதனைகள் எல்லாம் நகலின் மீதுதான் நடக்க வேண்டும். ‘டிக்’ சத்தம் தொடர்ந்து கேட்டால் வீட்டில் எந்த முயற்சியும் வேண்டாம். அது நிபுணர்களின் வேலை.

இதற்கென்றே ‘டிடிரெஸ்க்யூ’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது வேலை செய்யும் முறை உங்களுக்குப் பழக்கமானதுதான். தேர்வில் தெரிந்த கேள்விகளுக்கு முதலில் விடை எழுதிவிட்டு, கடினமானவற்றுக்குப் பிறகு திரும்புவீர்கள் அல்லவா? அதுபோல, எளிதாகப் படிக்க முடிந்த பகுதிகளை அது முதலில் நகலெடுக்கும். பழுதான இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு அங்கே வரும். ஒரே இடத்தில் முட்டி மோதி நேரத்தை வீணாக்காது.

நிபுணர்களால் எவ்வளவு முடியும் என்பதற்குக் கொலம்பியா விண்ணோடம் ஒரு சான்று. 2003 பிப்ரவரி 1 அன்று அது பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் உயிரிழந்தார்கள். செனான் வாயுவைப் பற்றிய ஆய்வின் தரவைக் கொண்டிருந்த ஒரு வன்தட்டு, சில மாதங்களுக்குப் பிறகு டெக்சஸில் வறண்ட ஏரிப் படுகையொன்றில் கிடைத்தது. வெளிப்புறம் கருகியிருந்தாலும், அதிலிருந்து ஏறத்தாழ 99 விழுக்காட்டுத் தரவை மீட்டார்கள். அந்த ஆய்வின் முடிவு 2008-இல் வெளிவந்தது.  வட்டுகளில் கீறல்கள் விழுந்திருந்தாலும், அவை தரவு எழுதப்படாத பகுதியில்தான் இருந்தன.  ஆனால், கொலம்பியாவில் இருந்த வேறு இரண்டு வன்தட்டுகளிலிருந்து எதையும் மீட்க முடியவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. மீட்பை நம்பி இருக்க முடியாது. நகலை நம்பலாம்.

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. உ.வே.சாமிநாதையர் சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குச் சென்றபோது, அங்கிருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். சிதைந்த ஏட்டுக்குப் புதுப் பிரதி எழுதிய பிறகு பழையதைத் தீயில் இடுவதே முன்னோர் வழக்கம் என்றும், பின்னால் வந்தவர்கள் பிரதி எழுதுவதை மறந்து தீயை மட்டும் நினைவில் வைத்தார்கள் என்றும் ‘என் சரித்திரம்’ நூலில் அவர் வருந்துகிறார். பழுதான கணினியை நகல் எடுக்காமல் “ஃபார்மெட்” செய்யச் சொல்லும்போது நாமும் அதையே செய்கிறோம்.

“எல்லாம் கிளவுடில் இருக்கிறதே, ஆசிரியரே” என்று நீங்கள் கேட்கலாம். கிளவுட் நல்லதுதான். ஆனால் பல சேவைகள் கணினியில் இருப்பதை அப்படியே பிரதிபலிப்பவை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கடவுச்சொல்லை மறந்தால் கதவு திறக்காது. எஸ்எஸ்டி உள்ள புதிய மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கும் கவலை உண்டு. அதில் சுழலும் வட்டு இல்லை. ஆகவே ‘டிக்’ என்ற எச்சரிக்கையும் இல்லை. முன்னறிவிப்பின்றி நின்றுபோகலாம். அழித்த கோப்பை அதிலிருந்து மீட்பது பெரும்பாலும் இயலாது.

ஆகவே மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே என்ற விதியைப் பின்பற்றுங்கள். மடிக்கணினியில் ஒன்று, விரலியில் ஒன்று, கிளவுடில் அல்லது வேறு ஊரிலுள்ள சித்தப்பா வீட்டில் ஒன்று. ஆய்வுக்கூடத்தில் நுழையும் முன் பாதுகாப்பு விதிகளைக் கற்பிக்கிறோம். கணினியைத் தொடும் முன் இந்த விதியையும் பள்ளிகள் கற்பிக்க வேண்டும். மாதத்தில் ஒரு நாளை நகல் எடுக்கும் நாளாக வைக்கலாம். எடுத்த நகல் திறக்கிறதா என்று அன்றே பார்க்கவும் வேண்டும்.

பள்ளி ஒப்படைப்பு தொலைந்தால் மீண்டும் எழுதலாம். ஆனால் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த பாட்டியின் படம், தாத்தா பேசிய காணொளி, இப்போது இடிக்கப்பட்டுவிட்ட பழைய லயத்து வீட்டின் படம் ஆகியவை எந்த நூலகத்திலும் கிடையாது. அவற்றின் ஒரே பிரதி உங்கள் வீட்டுக் கணினியில் இருக்கலாம். நம் தோட்டத்து மக்களின் வரலாற்றைப் பெரும்பாலும் நாமேதான் காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாளைக் காலை இந்தக் கணினி திறக்கவில்லை என்றால் எவற்றை இழப்பேன் என்று இன்றிரவு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தப் பட்டியலில் முதலில் நிற்பதை, தூங்கப் போகும் முன் நகல் எடுத்துவிடுங்கள்.