பதவி உயர்கிறது, பொறுப்பு உயர்கிறதா?

மென்பொருள் துறையில் பணியாற்றும் நம் சமுதாய இளைஞர் ஒருவரைச் சந்தித்தால் பெரியவர்கள் கேட்கும் முதற்கேள்வி, ‘எத்தனை வருட அனுபவம்?’ என்பது. அடுத்த கேள்வி, ‘என்ன சம்பளம்?’ என்பது. ‘உங்களை நம்பி என்ன ஒப்படைத்திருக்கிறார்கள்?’ என்று கேட்பவர் அரிது. ஜூனியராக நுழைந்தவர் சீனியராக வளர்வது என்றால் ஆண்டுகள் கழிவதும் ஊதியம் கூடுவதும்தான் என்ற எண்ணம் ஒரு தலைமுறையின் மனத்தில் இப்படித்தான் வேரூன்றியது. இவ்வெண்ணம் தவறானது, தீங்கு விளைவிப்பது என்பதே நம் வாதம்.

நம் வணிக ஊர்களில் கடைக்கு வேலைக்குச் சேர்ந்த பையன் எப்படி வளர்ந்தான் என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். முதலில் கடையைக் கூட்டிப் பெருக்குவான். பிறகு பொட்டலம் கட்டுவான். பிறகு தராசைத் தொடுவான். கொள்முதலுக்குத் தனியே அனுப்பப்படுவதும் கல்லாவில் அமர்த்தப்படுவதும் கடைசியில்தான். பத்து வருடம் கழிந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக முதலாளி கல்லாச் சாவியைக் கொடுத்துவிடமாட்டார். ஒப்படைத்ததைக் காப்பான் என்ற நம்பிக்கை பிறந்த பின்பே கொடுப்பார். அமானிதம் என்று நாம் சொல்வது இதைத்தான். தராசுக்குப் பதில் கணினி வந்துவிட்டதால் இந்த விதி மாறிவிடவில்லை.

ஜூனியருக்குத் தரப்படுவது எல்லை வகுக்கப்பட்ட பணி. இந்தத் திரையில் இந்தப் பொத்தானைச் சேர், இந்தப் பிழையைத் திருத்து என்பார்கள். சீனியரிடம் வருவது எல்லை தெரியாத சிக்கல். ‘வாடிக்கையாளர்கள் பணம் செலுத்தும் கட்டத்தில் விலகிப் போகிறார்கள், ஏன் என்று பாருங்கள்’ என்பார்கள். எப்படி எழுதுவது என்று யோசிப்பதற்கு முன்பு, எழுதத்தான் வேண்டுமா என்று அவர் கேட்க வேண்டும். நிரல் இயங்குகிறதா என்பதோடு ஜூனியரின் கவலை முடிந்துவிடலாம். அது பழுதானால் யார் பாதிக்கப்படுவார், நள்ளிரவில் யார் எழுந்து சரிசெய்வார், இரண்டு ஆண்டுகள் கழித்து இதைப் படிப்பவருக்கு விளங்குமா என்பவை சீனியரின் கவலைகள். நாட்காட்டி இவற்றைக் கற்றுத்தராது.

இக்கவலைகள் இல்லாத இடத்தில் என்ன நேரும்? 2012 ஆகஸ்ட் 1 அன்று, அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனமான நைட் கேப்பிட்டல் சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தது. புதிய நிரலை 8 சர்வர்களில் நிறுவ வேண்டியிருந்தது. ஒன்று மட்டும் விடுபட்டது. அந்த ஒன்றில், பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லாத பழைய நிரல் அப்படியே கிடந்து, அன்று காலை உயிர்பெற்றுத் தொடர்ந்து பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. நிறுவியதை இரண்டாமவர் ஒருவர் சரிபார்க்கும் நடைமுறை அங்கு இருக்கவில்லை. சந்தை திறப்பதற்கு முன்பே பிழையைச் சுட்டும் 97 மின்னஞ்சல்கள் தானாக வந்திருந்தன. அவற்றைப் பார்த்து எவரும் செயல்படவில்லை. பயனற்றதை நீக்குவது, மறுமுறை சரிபார்ப்பது, எச்சரிக்கையைத் திறந்து படிப்பது ஆகியவை எவருக்கும் கைத்தட்டல் பெற்றுத்தராத வேலைகள். இவற்றைத் தன் கடமையாக ஏற்பவரே சீனியர்.

பிழை எவருக்கும் நேரும். நேர்ந்த பின் நடந்துகொள்ளும் விதமே ஆளைக் காட்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், தவறான சர்வரில் கட்டளையிட்டு முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்பு நகல்களைத் தேடியபோது, வழக்கமான முறைகள் எவையும் உதவவில்லை. வேறொரு தேவைக்காகச் சுமார் 6 மணி நேரத்துக்கு முன் எடுத்துவைத்த நகல் ஒன்றே கைகொடுத்தது. நிறுவனம் இதை மூடி மறைக்கவில்லை. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. நடந்ததையும் அதன் காரணங்களையும் விரிவான அறிக்கையாக வெளியிட்டது. ஒருவரின் தலையில் பழியைக் கட்டிவிட்டு நகராமல், நடைமுறையில் இருந்த ஓட்டைகளைப் பட்டியலிட்டது. தவறை மறைத்துப் பழகியவர் எந்தப் பட்டத்தைச் சுமந்தாலும் இந்த நேர்மைக்கு முன் ஜூனியரே.

இங்கே கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘மூன்று வருட அனுபவம் என்று போட்டுக்கொள்ளுங்கள், சான்றிதழ் நாங்கள் தருகிறோம்’ என்று இளைஞர்களை அழைக்கும் தரகர்கள் இருக்கிறார்கள். ‘எல்லோரும் செய்வதுதானே’ என்று பெற்றோர் சிலரும் சமாதானம் சொல்கிறார்கள். சகோதரர்களே, இது பொய்ச் சாட்சியம். உணவுப் பொட்டலத்தில் ஹலால் முத்திரையைத் தேடும் நாம், அந்த உணவை வாங்கிய சம்பளம் எந்தக் காகிதத்தால் வந்தது என்று கேட்காமல் இருக்கலாமா? இதில் உலக நஷ்டமும் உண்டு. தொடக்கநிலையைப் பொய்யால் தாண்டியவர், தொடக்கநிலையில் கேட்க வேண்டிய கேள்விகளைப் பிறகு கேட்கவே முடியாது. கேட்டால் குட்டு வெளிப்படும். ஆகவே கற்காமலே காலம் தள்ளுவார்.

அறிந்ததைப் பூட்டி வைப்பவர்கள் இன்னொரு வகையினர். டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நவுர், 1985இல் எழுதிய கட்டுரையில், ஒரு நிரலைப் பற்றிய மெய்யான அறிவு அதை உருவாக்கியவர்களின் மனத்தில் இருக்கிறது, ஆவணங்களால் மட்டும் அது முழுமையாகக் கைமாறாது என்று வாதிட்டார். அப்படியானால், கூட இருந்து சொல்லிக்கொடுப்பது சீனியரின் தயவன்று, கடமை. ‘எனக்கு மட்டுமே தெரியும்’ என்ற நிலையை வேலைக்கான காப்பீடாக வைத்திருப்பவர், தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைப் பிணையாகப் பிடித்திருக்கிறார்.

‘இனிச் செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதும், ஜூனியர் எதற்கு?’ என்று கேட்கும் மேலாளர்களுக்கும் இதையே சொல்வோம். நாற்று விடாதவனுக்கு அறுவடை ஏது? கருவி எழுதித்தரும், ஆனால் எழுதியதற்குப் பதில் சொல்லாது. பதில் சொல்லத்தக்கவர் தவறுகளைச் செய்து, திருத்தப்பட்டு, திருத்தக் கற்றே உருவாகிறார்.

எல்லாவற்றிலும் கடினமான தகுதி, ‘முடியாது’ என்று சொல்வது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் கார்களில், ஆய்வுக்கூடச் சோதனையை அடையாளம் கண்டு அப்போது மட்டும் புகையைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் இருந்தது 2015இல் அம்பலமானது. உலகெங்கும் சுமார் 1.1 கோடி வாகனங்களில் அது பொருத்தப்பட்டிருந்தது. அதில் பங்கேற்ற பொறியாளர் ஜேம்ஸ் லியாங் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2017இல் அவருக்கு 40 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நீண்ட கால அனுபவம் உள்ளவர் அவர். திறமைக்கும் குறைவில்லை. ‘மேலிடம் சொன்னது’ என்ற பதில் உலக நீதிமன்றத்திலேயே அவரைக் காக்கவில்லை. மறுமையின் விசாரணையை நம்புகிற நாம் அதை எப்படி நம்பியிருக்க முடியும்?

‘குடும்பச் சுமை இருக்கிறது, ஊதியம் வேண்டாமா?’ என்று கேட்கலாம். வேண்டும். உழைப்புக்கு உரிய கூலியைக் கேட்பது உரிமை. பொறுப்பை ஏற்றிவிட்டு ஊதியத்தை ஏற்றாத நிறுவனத்தை விட்டு விலகுவதும் உரிமை. நாம் எதிர்ப்பது ஊதியத்தை அன்று. பொறுப்பை ஏற்காமலே அதன் விலையைக் கேட்பதை.

ஆகவே இளைஞர்களே, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். பிறர் எழுதிய நிரலை நிறையப் படியுங்கள். உங்கள் நிரலில் குறை சொல்பவரை வழிகாட்டியாகக் கருதுங்கள். பிழை நேர்ந்தால் முதலில் சொல்பவர் நீங்களாக இருங்கள். மூத்தவர்களே, ஆண்டுக்கு ஒரு ஜூனியரையாவது உங்கள் இடத்துக்குத் தகுதியாக்குங்கள். பெற்றோரே, அடுத்த முறை பிள்ளை பதவி உயர்வோடு வரும்போது சம்பளத்தைப் பிறகு கேளுங்கள். ‘உன்னை நம்பி எதை ஒப்படைத்திருக்கிறார்கள்?’ என்பதை முதலில் கேளுங்கள்.